அவரவர் படகு, அவரவர் திரை

ஒரு நிறுவனத்தின் தகவலை இன்னொரு நிறுவனம் பார்ப்பது அநாகரிகம் என்று எங்கள் டேனிஷ் துறைமுகம் முடிவு செய்தது. உடனே புதிய செயலி நடைமுறைக்கு வந்தது. அவரவர் நிறுவனத்தின் படகுகள் மட்டுமே இனி அவரவர் திரையில் தெரியும். ரேடாரையும் அதனுடன் இணைத்து, முறைப்படி கேக் வெட்டினார்கள்.

இழுவைப் படகு ஓட்டும் யால்மர், கடும் மூடுபனியில் திரையைப் பார்த்தார். கடலில் அவர் ஒருவர்தான். நம்பிக்கையில்லாமல், செயலிக்குப் பொறுப்பான அதிகாரி விபேக்கேயை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"எனக்கு முன்னால ஏதாவது நிக்குதா?"

"உங்க கம்பெனிப் படகு எதுவும் இல்ல."

"வேற கம்பெனிப் படகு?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, யால்மர்."

"நிக்கலைன்னாவது சொல்லும்மா."

"இல்லைங்கறதும் ஒரு தகவல்தானே."

விதிப்படி அது சரி. யால்மர் ஊர்ந்துதான் போனார். ஆனாலும் மீனவர் ஐலரின் படகு விலாவில் அடிபட்டு, பிடித்த மீனோடு மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த ஐலரை யால்மரே கையைப் பிடித்து ஏற்றினார்.

சொட்டச் சொட்ட நனைந்திருந்த ஐலரும் யால்மரும் துறைமுக அலுவலகம் போனார்கள்.

"என் படகுல மோதிட்டாங்க," என்றார் ஐலர்.

விபேக்கே ஐலருடைய நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தார். "மோதணும்னா ரெண்டு படகு வேணும். இதுல உங்களோடது ஒண்ணுதான் இருக்கு. தானா மூழ்கியிருக்கு."

"மோதினவரு இதோ பக்கத்துலயே நிக்கறாரே."

"ஆமா, நான்தான் மோதினேன்," என்றார் யால்மர்.

"நீங்க வேற நிறுவனம். இவரு முன்னால இதையெல்லாம் பேசக் கூடாது," என்று விபேக்கே அவரைப் பணிவோடு வெளியே அனுப்பினார்.

துறைமுகமே கொதித்தது. கூட்டம் கூடியது. விதியை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று ஐலர் மேசையைத் தட்டினார். அத்தனை மீனவர்களும் கைதட்டினார்கள்.

"சரி," என்றார் விபேக்கே. "நாளைலேர்ந்து எல்லாருக்கும் எல்லாமே தெரியும். யாரு எங்க வலை போடறாங்க, எவ்வளவு மீன் படுது, எல்லாம்."

கைதட்டல் நின்றது. 

"நான் வலை போடற இடமுமா?" என்றார் ஐலர்.

"அதுவும்தான்."

ஐலர் சக மீனவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லோரும் அவரையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விதி இருந்துட்டுப் போகட்டும்," என்று உட்கார்ந்தார். "எனக்கு நல்லா நீச்சல் தெரியும்."