ஒரே ஒரு சின்னத் திருத்தம்

சின்னத் திருத்தக்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் ஒருவராவது அகப்படுவார். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காராமல் வாசல் பேனரில் மாப்பிள்ளையின் படிப்பு எந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று விளக்குவார். புதுமனை புகுவிழாவுக்குப் போனால் சுவிட்ச் போர்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கலாமே என்பார். எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், சரி என்றும் சொல்ல மாட்டார். பாராட்டில்தான் தொடங்குவார். அதுதான் ஆபத்து.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவரை நான் அறிந்தது என் தம்பி லோகேஷ் புண்ணியத்தில். நான் பத்தாவதோடு நின்றவள்; அவன் எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர். பட்டாபிராமில் யாரைக் கேட்டாலும் தெரியும், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், லட்சம் வரி கொண்ட கோப்பிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்து அடுக்கித் தரும் கருவி ஒன்று இருக்கிறது. யாரோ எழுதி இலவசமாக விட்டது. அதைப் பொது மென்பொருள் தொகுப்பு ஒன்றில் சேர்க்க லோகேஷ் முன்வந்தான். கருவியை எங்கிருந்து எடுப்பது, ஓடுவதற்குத் துணையாக எதெது வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அவ்வளவுதான். சனிக்கிழமை மாலை தொகுப்பின் கதவு மூடிவிடும்; தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தத் தொகுப்பில் இல்லாத எதையும் அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட அனுமதி கிடையாது. கருவி உள்ளே போகாவிட்டால் அந்த லட்சம் வரியை அவன் கையால்தான் பிரிக்க வேண்டும்.

குறிப்பைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர், கரையான்சாவடி ஹேமநாதன்.

"பிரமாதம் லோகேஷ்! ஒரே ஒரு சின்னத் திருத்தம். விவரத்தோட கடைசியில புள்ளி வைக்கக் கூடாது."

எடுத்தான். மறுநாள், 'வேகமான கருவி' என்பது சுயபுராணம் மாதிரி இருக்கிறதாம். அதையும் எடுத்தான். அதற்கும் மறுநாள், ஒரு வரி கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டுமாம். தள்ளினான். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் என்ன என்கிறீர்களா? சொல்லிவிட்டால் மறுநாள் அவர் யார்?

இதற்குள் கருவியை எழுதியவர் புதுப் பதிப்பு வெளியிட்டுவிட்டார்.

"குறிப்புல இருக்கற பதிப்பு பயசு ஆயிடுச்சாம்க்கா. புதுசப் போட்டா மொதல்லேர்ந்து பாக்கணும்ன்றாரு."

"நீ இன்னாடா சொன்ன?"

"சரி சார்னேன். அவுரு பட்டன அமுக்குனாத்தான உள்ள போவும்?"

வெள்ளிக்கிழமை, "இந்த வரி எதுக்கு? பார்க்கவே நல்லா இல்ல, தூக்கிடுங்க" என்றார். தூக்கினான்.

சனிக்கிழமை மதியம், ஒப்புதல் தரும் உரிமை உள்ள இன்னொருவர், வெள்ளானூர் சுரேகா, தற்செயலாக அந்தக் குறிப்பைப் பார்த்தார். அதுவரை ஹேமநாதன் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். கருவியை ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. தூக்கிய வரியில்தான் கருவிக்கு வேண்டிய துணை இருந்தது.

மூவரும் போனில் பேசினார்கள். "நேத்து தூக்குனப்புறம் யாருனா ஓட்டிப் பாத்தீங்களா?" என்று சுரேகா கேட்டார்.

"நான் ஓட்டல மேடம்," என்றான் லோகேஷ்.

ஹேமநாதன் மனம் புண்பட்டுப் போனார். "ஓட்டறதா? நான் பரிசீலிக்கிறவன்மா!"

வரி திரும்ப வந்தது. கருவி ஓடியது. சுரேகா பட்டனை அழுத்தினார்.

"அக்கா, உள்ள பூட்ச்சி!" என்று லோகேஷ் போட்ட கூச்சலில் நான் ஜாங்கிரி வாங்க ஓடினேன். திரும்பி வந்தால் தம்பி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஹேமநாதன் எழுதியிருந்தார்: 'நம் உழைப்புக்குப் பலன் கிடைத்தது, வாழ்த்துகள்! ஒரே ஒரு சின்னத் திருத்தம். அந்த வரி இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருக்கலாம்.'

சிரித்தீர்களா? சந்தோஷம். ஆனால், 'நல்லாத்தான் எழுதியிருக்காங்க, அந்தச் சுரேகாவை மட்டும் கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கலாம்' என்று உங்கள் மனதில் ஓடியதா? ஓடியிருந்தால், உங்களிடம் எதையாவது காட்டிவிட்டு, 'சரி' என்ற ஒரு சொல்லுக்காக வீட்டில் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று திரும்பிப் பாருங்கள். நின்றால், பிரமாதம் என்று மட்டும் தொடங்காதீர்கள்.