ஐம்பது மீட்டருக்கு அப்பால் பளிச்

கம்ப்யூட்டர் என்றால் எனக்கு இன்றும் பயம்தான். சொன்னதை அப்படியே செய்துவிடும். (மனிதர்களிடம் அந்த ஆபத்து இல்லை.)

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பைக் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் பயிற்சி இன்ஜினியர். விளக்கிலிருந்து கிளம்பும் லட்சக்கணக்கான ஒளிக்கதிர்கள் லென்ஸ் வழியாகப் போய் எங்கே விழுகின்றன என்று கம்ப்யூட்டருக்குள் பார்ப்பதுதான் வேலை. எங்கே விழவேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், லென்ஸின் வளைவை அதுவே மாற்றி மாற்றிச் சரிசெய்யும். நான் சொன்னது ஒன்றே ஒன்று: ஐம்பது மீட்டர் தள்ளி ரோடு பளிச்சென்று தெரியவேண்டும். லென்ஸ் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் சங்கரன்கோவிலுக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்.

மாதிரி லென்ஸை மாட்டி, இருட்டியதும் நெமிலிச்சேரி சர்வீஸ் ரோட்டில் பைக்கை ஓட்டினேன். பின்னால் முதலாளி தயாளன் சார். ("நீங்களே உக்காந்து பாருங்க சார்" என்று கூப்பிட்டதும் நான்தான். கொழுப்பு!)

தூரத்து போர்டில் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கும்மிருட்டு. வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"ஏம்மா, பள்ளம் தெரியலையா?"

"தூரத்துல இருக்கறது நல்லா தெரியுது சார்."

"நாம இங்கதானம்மா இருக்கோம்!"

எதிரே வந்த ஷேர் ஆட்டோ தள்ளாடி, எங்கள் மேலேயே ஏறுவதுபோல் வந்து, ஒரு முழ தூரத்தில் நின்றது. டிரைவர் கண்ணைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"இன்னாம்மா, லைட்டா இது? கண்ணே பூட்ச்சி! ஊட்ல புள்ளகுட்டி கீதும்மா எனக்கு!"

எதிரில் வருபவருக்கும் கண் உண்டு என்பதை நான் கம்ப்யூட்டரிடம் சொல்லவே இல்லை.

"திரும்பிடலாம் சார்" என்றேன், அழாத குறையாக. திருப்பிய இடத்தில் எருமை படுத்திருந்தது. சார் எருமை மேல் விழுந்தார். நான் சார் மேல் விழுந்தேன். எருமை எழுந்திருக்கக்கூட இல்லை.

சட்டையெல்லாம் சாணியோடு சார் எழுந்து தனியாக நடந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊருக்கு எந்த ரயிலில் டிக்கெட் கிடைக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கூப்பிட்டார். "எதிர்ல வர்றவன் கண்ணு, நம்ம சக்கரம், எல்லாத்தையும் உள்ள போட்டு மறுபடியும் பண்ணு. ஆனா பின்னாடி உக்கார வேற ஆளப் பாத்துக்கோ."

அடுத்த லென்ஸ் தேறியது, வேலையும் நிரந்தரமானது. அதை ஓட்டிப் பார்த்த அன்று எனக்குப் பின்னால் உட்காரத் துணிந்தவர் கம்பெனியிலேயே ஒரே ஒருவர். அவரையே கட்டிக்கொண்டேன்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் அவர் ஆரம்பித்துவிடுவார்: "இவளுக்குத் தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லா தெரியும். கிட்ட இருக்கற எருமைதான் தெரியாது. இல்லன்னா எனக்குக் கழுத்த நீட்டியிருப்பாளா?"