காலை வானம் யார் பாடு?

கோட்டைக்குப்பத்தில் பாடு நைனாவைக் கேட்காமல் சூரியன்கூட உதித்ததில்லை. உதித்திருந்தால், இன்றைக்கு உன் முறைதானா என்று விசாரித்திருப்பார்.

பழவேற்காடு ஏரியில் மீன் அதிகம் கிடைக்கும் இடங்களில் இன்று ஒரு கூட்டம், நாளை இன்னொரு கூட்டம் என்று முறைவைத்து வலை போடுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனா அதை ஏரியோடு நிறுத்தவில்லை. முடிவெட்டும் கடை நாற்காலிக்குப் பாடு வைத்தார். பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரம் பாதி வழி அவருக்கு, மீதி வழி எனக்கு. எட்டு வருடம் அவருக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். அந்த வருடங்களின் டைரியில் என்னைவிட அவர்தான் அதிகம் இருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு அவர் வீட்டுக்கு மேலே ஒரு ட்ரோன் வந்து நின்றது. கொல்லையில், கூரையில்லாத கீற்று மறைப்புக்குள் அவர் மனைவி தேசம்மா குளித்துக்கொண்டிருந்தார். ஈரப் புடவையோடு வீட்டுக்குள் ஓடியவர், மறுநாளிலிருந்து விடியுமுன்னே இருட்டில் குளிக்கத் தொடங்கினார். வியாழன்வரை ட்ரோன் தினமும் வந்தது.

நைனா வீட்டுப் பட்டாவோடு என்னிடம் வந்தார்.

"நீளம் கீது, அகலம் கீது. ஒசரம் எங்க சார் கீது?"

மூன்று முறை படித்தேன். உயரம் இல்லை. அதுவரை எனக்கும் அது தோன்றியதில்லை.

காவல் நிலையத்தில் கேட்டோம். ட்ரோனுக்குப் பதிவெண் வேண்டும், தடை செய்த இடத்தில் பறக்கக் கூடாது, குளிப்பவரைப் படம் பிடித்தால் குற்றம் என்று அங்கிருந்த எழுத்தர் வரிசையாகச் சொன்னார். வீட்டுக்கு மேலே வானம் எவ்வளவு தூரம் வீட்டுக்காரருடையது என்ற கேள்விக்கு மட்டும் அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, பேசாமல் ஒரு கூரை போட்டுவிடுங்கள் என்றார்.

நைனா எழுந்துவிட்டார். "கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அது வானத்தப் பாத்துத்தான் சார் குளிக்குது. நான் இன்னாத்துக்கு மூடணும்?"

வெள்ளிக்கிழமை ஏரிக்கரையில் ட்ரோன்காரர் அகப்பட்டார். பொன்னேரியில் கல்யாண வீடியோ எடுப்பவர். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் பூநாரைகளைப் படம் பிடிக்க வந்திருந்தார். பறவையைத் தவிர வேறெதையும் எடுக்கவில்லை என்று சொல்லி, எடுத்ததைக் காட்டினார். சண்டை போட வந்த நைனா, வாயைத் திறந்தபடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். இது யார் படகு, அது யார் வீடு என்று பத்து நிமிடம் கேள்விகள். உண்மையைச் சொன்னால், பாதி கேள்விகள் என்னுடையவை.

அப்போது திரையில் நைனா வீட்டுக் கொல்லை வந்தது. கீற்று மறைப்பு, பக்கெட், மேலே தொங்கும் துணி.

"இந்தப் பூநாரைக்கு ஜாக்கெட் தெச்சது யாருப்பா?" என்றார் நைனா.

ட்ரோன்காரரின் முகம் வெளுத்தது. எங்கள் கண்ணெதிரே எல்லாவற்றையும் அழித்தார். மன்னிப்புக் கேட்டார். நைனா அதைக் காதில் வாங்காமல் தீர்ப்பைச் சொன்னார். ஏரிக்கு மேலே பறப்பது ட்ரோன்காரர் பாடு, அரசாங்கத்தின் பாடு. குப்பத்துக்கு மேலே என்றால் ஒன்பது மணிக்குப் பிறகு, அதுவும் ஊரில் சொல்லிவிட்டு.

"காத்தால வானம் பொம்பளைங்க பாடு. தெரிஞ்சுக்கோ."

ட்ரோன்காரர் தலையாட்டினார். தேசம்மா நம்பவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு நைனா வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி, "ஒண்ணும் வரல, நீ குளி" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். வெகுநேரம் கழித்து முதல் சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மேற்கே ஒரு காக்கை பறந்தது. நைனா பதறி அந்தப் பக்கம் திரும்பினார்.

நான் தெருவைக் கடந்துபோய் அவர் பக்கத்தில் நின்று, கிழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.