டொக்கண்ணன் தூக்கிக்கொண்டு ஓடிய கோழிக்கறி

கேமரன் மலையில் டொக்கண்ணன் தட்டிப் பார்க்காத கல் ஒன்று இருந்திருந்தால், அது அவருடைய கிட்னிக்குள்தான் இருந்திருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரோடு போடக் கல் உடைப்பவர் அவர். இடுப்பில் எப்போதும் ஒரு சுத்தியல். 'டொக்' என்றால் கெட்டிக் கல், 'பொத்' என்றால் மக்கிய கல். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே அம்மியைத் தட்டிவிட்டு, "கெட்டி. எனக்குச் சம்மதம்" என்றவர். மேனேஜர் துரையின் பங்களா வாசற்படியைத் தட்டி, "இது பொத். பாத்துக் கால வைங்க தொர" என்று சொல்லி, மூன்று நாள் வேலை இழந்தார். நான்காம் நாள் படி பெயர்ந்து துரை நொண்டினார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு லீவு நாள், லோரி பிடித்து லூமுட் பக்கம் கடல் பார்க்கப் போனோம். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. டொக்கண்ணன் அதற்குமுன் கடலைக் கண்டதில்லை. எல்லோரும் தண்ணீருக்கு ஓட, அவர் மட்டும் கரையோரப் பாறைகளைத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"கிராணி, இங்க வாங்க லா! அந்தா, மூக்கு மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குதே, அது டொக். இங்க வளைஞ்சு உள்ள போயிருக்கே, இது பொத். அலை ரெண்டையும் ஒரே அடிதான் அடிக்குது. கெட்டி நிக்குது, மக்கினது கரைஞ்சு போகுது!"

சொன்னவர் முகம் சட்டென்று மாறியது. அந்த வளைவுக்குள், சிவப்புப் பாறைச் சுவரின் நிழலில்தான் குளித்துக் கரையேறிய எங்கள் ஆட்கள் முப்பது பேர், கல்லடுப்பில் கோழிக்கறிச் சட்டி கொதிக்க, சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அலை சுவரின் அடியைக் குடைந்திருந்தது. மேல்பாறை அந்தரத்தில் நீண்டு நின்றது.

"எந்திரிங்க எல்லாரும்! இது பொத்!"

"போய்யா, நிழலே இங்கதான் இருக்கு" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

டொக்கண்ணன் வாதாடவில்லை. அடுப்பிலிருந்த சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடினார்.

"டேய், கறி போகுதுடா!"

முப்பது பேரும் பிள்ளை குட்டியோடு துரத்தினார்கள். கங்காணி அகப்பையை ஓங்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால்.

மடக்கிப் பிடித்த நேரத்தில் பின்னால் மலை இருமியது போல ஒரு சத்தம். திரும்பினால், நாங்கள் விரித்த பாய்களின் மேல் ஆளுயரத்துக்குக் கல்லும் செம்மண்ணும்.

சட்டியை வாங்கிக் கீழே வைத்த பிறகுதான் டொக்கண்ணன் கைகளைப் பார்த்தோம். இரண்டும் கொப்பளித்திருந்தன. அன்று அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டியது கங்காணி.

திரும்பி வருகையில், அடிவாரத் தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது, லோரியில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வளைவுக்கு வளைவு அந்தக் கனத்த தலை என்னை அழுத்தியது. தோள் மரத்தே போய்விட்டது. மலைமேல் ரிங்லெட் ஊர் வரும்வரை நான் அசையவில்லை.