ஒருத்திக்கு ஐம்பத்து நான்கு கிளாஸ்

எனக்குத் திட்டம் போட நன்றாக வரும். ஆட்களைச் சேர்க்கத்தான் வராது. இந்த இரண்டும் வேறு வேறு திறமைகள் என்பதை இருபத்தைந்தாவது வயதில், பேராதனையில், ஐம்பத்து நான்கு கிளாஸ் பீருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு கண்டி மஹய்யாவையில். அப்பா சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குகிறார். அம்மா ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பேராதனை கெம்பஸ் போனதும் நான்தான். (வேறு ஆளே போகாததால் இதில் போட்டி இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) அதனால் எங்கள் லைன் வீடுகளில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அடையாள அட்டை, மின்சார விண்ணப்பம், மருந்துப் போத்தலில் எழுதியிருப்பது என்று எல்லாவற்றையும் பன்னிரண்டு வயதிலிருந்தே நான் பார்த்திருக்கிறேன். கட்டங்களைச் சரியாக நிரப்பினால் உலகம் முத்திரை குத்தித் தந்துவிடும் என்று நம்பி வளர்ந்தவள் நான்.

பட்டம் கிடைத்ததும் கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பனியில் வேலை கிடைத்தது. அங்கே என்னோடு எட்டுப் பேர். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் பகல் சாப்பாட்டுக்கு எட்டுப் பேரும் சேர்ந்து வெளியே போவார்கள். நான் கணினித் திரையைப் பார்த்தபடி சோற்றுப் பார்சலைப் பிரிப்பேன். "நீங்க சாப்பாடு கொண்டுவாற ஆள்தானே ஜெசி" என்பார்கள். உண்மைதான், கொண்டுவருகிற ஆள்தான். கேட்டிருந்தால் கொண்டுவராமலும் இருந்திருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் கிராஃப்ட் பீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பனிக்காரர்கள் மாதிரி இல்லாமல், சின்ன அளவில், விதவிதமான சுவையில் காய்ச்சுகிற பீராம். அதைக் குடிக்க எங்காவது ஒரு வார இறுதி போக வேண்டுமாம். யாரோ கண்டி என்றார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"பேராதனையில இருக்கு. எனக்குத் தெரியும். நாலு வருஷம் இருந்த இடந்தானே."

எட்டுக் கதிரைகளும் என் பக்கம் திரும்பின. சேர்ந்து ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை. எட்டு முகங்களை ஒன்றாகப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது.

"ஐயோ சூப்பர்! அப்ப நீங்களே ப்ளான் பண்ணுங்களேன் ஜெசி" என்றாள் நிர்மலா. பக்கத்து மேசை ரொஷான், "நமக்கு சொந்தமா ஒரு கைடு இருக்கிறாப்போல" என்றான். (அதுவரை ஸ்டேப்ளர் கேட்பதற்கு மட்டும் என்னோடு பேசியவன்.)

அந்த நாலு வருஷத்தில் எனக்குத் தெரிந்த பேராதனை எது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். விடுதி, நூலகம், கென்டீன், பிறகு வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போகும் பஸ். பீரின் வாசம்கூடத் தெரியாது. எங்கள் லைனில் நத்தார் பண்டிகைக்குச் சாராயம்தான். அந்த வாசம் வந்தாலே அம்மா கதவைச் சாத்திவிடுவார்.

ஆனாலும் படித்தவள் இல்லையா? படித்தேன். மூன்று இரவு இணையத்தில் உட்கார்ந்து நான்கு நிறப் பேனாவால் குறிப்பெடுத்தேன். பீருக்குக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு பக்கம், கறுப்பு பீர் ஏன் கறுப்பு என்று ஒரு பக்கம். தியரியில் எனக்கு ஏ தரம் நிச்சயம். பிராக்டிகல் மட்டும் பாக்கி. மகாவலிக் கரை மேட்டில் இந்த பீர் கொடுக்கிற ஒரு சின்ன ஹோட்டலையும் கண்டுபிடித்தேன். தொலைபேசியில் முகாமையாளரிடம் கசப்பு அளவு, வடிகட்டும் முறை என்றெல்லாம் விசாரித்தேன். அவர், "மிஸ், மொத்தம் ஆறு வகை. கறுப்பு, சிவப்பு, மஞ்சள்னு வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

திட்டம் ஒன்பது பக்கம் வந்தது. மது விற்காத போயா தினம் வராத வார இறுதியா என்று மூன்று கலண்டரில் சரிபார்த்தேன். காலை ரயிலில் பேராதனை. பிறகு இரண்டு மணி நேரம் பூந்தோட்டம். சரியாக மூன்று மணிக்கு ஆளுக்கு ஆறு சின்னக் கிளாஸ். ஐந்து பத்திலிருந்து, சுவைத்த பீர் பற்றி ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். (ஆமாம், நான்தான் எழுதினேன். இப்போது வாசித்தாலும் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்கிறேன்.) கடைசிப் பக்கம் அவசர இலக்கங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியதும் எட்டுப் பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ரயில் ரிசர்வேஷனை ரொஷான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

அம்மாவிடம், "பேராதனையில ஆபீஸ் ட்ரெயினிங்" என்றேன். அம்மா பெருமையாக நாலு வீட்டுக்குச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஹோட்டல் வராந்தாவில் ஒன்பது கதிரை போட்ட நீள மேசையில் ஒன்பது பெயர் அட்டைகளை வைத்தேன். எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சின்ன இலை வரைந்திருந்தேன். பிறகு ஸ்டேஷனுக்குப் போனேன். கொழும்பு ரயில் வந்தது. பைகளோடு பலர் இறங்கினார்கள். கடைசி ஆள் வெளியே போகும்வரை நின்றேன். அடுத்த ரயிலுக்கும் நின்றேன். எட்டுப் பேருக்கும் அழைப்பு எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.

பிறகு என்ன செய்தேன்? திட்டத்தில் பூந்தோட்டம் என்று இருந்தது. போனேன்.

சனிக்கிழமைப் பூந்தோட்டம் எப்படியிருக்கும் என்று கண்டிக்காரர்களுக்குத் தெரியும். மரத்துக்கு ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு சோடி. ஒரு சோடி என்னைக் கூப்பிட்டு, தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்த அதே நிமிடத்தில் என் போனிலும் ஒரு படம் வந்தது. கடல், மணல், எட்டுப் பேர், எட்டுக் கிளாஸ்.

கீழே நிர்மலா எழுதியிருந்தாள்: "ஜெசி ஸொரி! ப்ளான் மாறி பீச்சுக்கு வந்துட்டோம். ரொஷான் சொல்லியிருப்பார்னு நெனச்சேன்." அடுத்து ரொஷான்: "ஐயோ, நிர்மலா சொல்லியிருப்பாள்னு நான் நெனச்சேன்." அப்படியானால் பீச்சைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது எந்தக் குழுவில்? அதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். நானும் ஒரு கட்டை விரல் அனுப்பினேன்.

வீட்டுக்குப் போகலாம், ஒரே பஸ்தான். ஆனால் ட்ரெயினிங்குக்குப் போனவள் மத்தியானமே எப்படித் திரும்புவது? ஹோட்டலுக்கே போனேன்.

"மத்தவங்க, மிஸ்?" என்றார் முகாமையாளர்.

"வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன். என் மரியாதையைக் காப்பாற்ற எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

அதன் விளைவு மூன்று மணிக்குத் தெரிந்தது. நான் எழுதிக்கொடுத்திருந்தபடி ஒரு நிமிடமும் பிந்தாமல், ஒன்பது பலகைகளில், பலகைக்கு ஆறாக, ஐம்பத்து நான்கு சின்னக் கிளாஸ் வந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அவற்றைத் தூக்கி வந்தவர் சேவியர் மாமா. அம்மாவின் சித்தப்பா மகன், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது கதவு. டவுன் ஹோட்டலில் வேலை செய்தவர், போன மாதம்தான் இங்கே மாறினாராம். (இந்தத் தகவல் என் ஒன்பது பக்கத்தில் இல்லை.)

நல்லவேளையாக முதல் நடையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மெனு அட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் உள்ளே போனதும், படித்ததை ஒருதடவை பார்த்துவிடுவோம் என்று கறுப்பை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். வேப்பங் கஷாயத்தில் கருகிய பாண் ரொட்டியை ஊறவைத்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்தது. கசப்பில் வந்த நீர் கசப்போடு நின்றிருக்கலாம், நிற்கவில்லை. எதிரே எட்டுப் பெயர்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவதையும் மூன்றாவதையும் குடித்தது சுவை பார்க்க இல்லை, விசும்பலை விழுங்கத்தான்.

"அடியே! ஜெசி!"

மாமா மரவள்ளிப் பொரியல் தட்டோடு நின்றார். ஒருத்தி, அழுகை, ஐம்பத்து நான்கு கிளாஸ். அவர் முகத்திலேயே முழுக்கதையும் எழுதி முடிந்துவிட்டது.

"மாமா, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"சேச்சே, நான் எதுக்குப் புள்ள சொல்லப் போறேன்? நீ அழுவாத" என்று உள்ளே போனார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. "அக்கா, ஒண்ணும் பதறாதீங்க. புள்ள உயிரோடதான் இருக்கு!" என்று அவர் போனில் கத்தியது ஆற்றுக்கு அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் ஓர் ஓட்டோ மேடேறி வந்தது. அம்மா வீட்டுச் செருப்போடு இறங்கினார், கையில் செபமாலை. அப்பா சந்தை வேலைச் சேர்ட்டோடு. அம்மாவின் தங்கை லூர்து சித்தி, இரண்டாக வெட்டிய தேசிக்காயோடு, போதையை இறக்குவதற்கு.

"எந்தப் பய?" என்றார் அம்மா. வேறு கேள்வியே இல்லை.

"என்னாம்மா?"

"ஒன்ன இந்த நெலைக்கு ஆளாக்குனவன் எந்தப் பயன்னு கேக்குறேன். பேரச் சொல்லு."

"புள்ள எங்க வாயத் தொறக்கும், அக்கா? லவ்வு பெயிலியர்னா அப்புடித்தான்" என்று சித்தி என் உச்சந்தலையில் தேசிக்காயைத் தேய்த்தார்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இவர்கள் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்வது எனக்குத் தெரியும். கொழும்பில் ஜெசிக்கு எல்லாரும் கூட்டாளிகளாம், ஜெசி இல்லாமல் ஆபீஸே நடக்காதாம். ஒருவன் என்னை வேண்டாம் என்றால் அது அவன் குற்றம், திட்டிவிடலாம். எட்டுப் பேரும் வரவில்லை என்றால் யாரைத் திட்டுவது? நேர் எதிரே இருந்த பெயர் அட்டையைப் பார்த்தேன். என் வாய் இரண்டாவது தடவையும் என்னைக் கேட்காமல் திறந்தது.

"ரொஷான்."

"நெனச்சேன்!" என்றார் சித்தி. எப்படி நினைத்தார் என்று இன்றுவரை தெரியாது. "சுருட்டைத் தலமுடியா?"

"ம்."

"பைக்கு வச்சிருப்பானே?"

"ம்."

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மேசையில் இருந்த அட்டைகளைப் பார்த்து, "இதுல எது அவன் பேரு?" என்றார். காட்டினேன். மற்ற எட்டையும், எழுத்து இருக்கிற கடதாசியை எறியக்கூடாது என்று, துடைத்து அடுக்கித் தன் பைக்குள் வைத்தார். ரொஷானை மட்டும் எடுத்து, ஒழுகிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் கிளாஸுக்குக் கீழே விரித்து, கிளாஸை அழுத்தி வைத்தார். மை கரைந்து இலையும் போய்விட்டது.

அப்பா என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தார். அம்மா பார்ப்பதற்குள் ஒரு வாய் குடித்தார்.

"இதக் குடிக்கவா கொழும்புலருந்து வாறானுங்க? பாவக்கா அவிச்ச தண்ணி! இத ஊத்திக் குடுத்தவன் எப்புடிப்பா உருப்புடுவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறேனே என்று சித்தி பயந்து மிச்சத் தேசிக்காயையும் தேய்த்தார். ஒன்பது பேருக்கான மரவள்ளியும் கோழிப் பொரியலும் வந்தன. நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம். சேவியர் மாமா கையுறையோடு, "மெடம், இன்னுங் கொஞ்சம்?" என்று அம்மாவுக்குப் பரிமாறினார். அம்மா, "வைங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை ரொஷான் என் மேசையில் ஒரு சிப்பிச் சாவி வளையத்தை வைத்து ஸொரி சொன்னான். பரவாயில்லை என்றேன். அடுத்த வருஷம் கண்டியிலேயே வேலை கிடைத்து வந்துவிட்டேன். அவர்களில் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் ரொஷான் வளர்ந்துகொண்டே இருக்கிறான். சித்தி அவனுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடும், இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு தாயும் கொடுத்திருக்கிறார். அம்மா செவ்வாய்தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, அவன் பைக் பாதி வழியில் நின்றுபோக வேண்டும் என்று மன்றாடுகிறார். யாராவது பாகற்காய் சமைத்தால் அப்பா, "ரொஷான் சாப்பாடு" என்று தட்டைத் தள்ளிவைக்கிறார். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எட்டு வெறுங்கதிரைகள் வந்து உட்காருமே என்று விட்டுவிட்டேன்.

போன நத்தாருக்கு எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தி வழக்கம்போல் ஆரம்பித்தார். "அவனுக்கு இப்பக் கலியாணம் ஆயிருக்குமோ?"

எனக்குத் தெரிந்த உண்மையான ரொஷானைப் பற்றி, பழக்க தோஷத்தில், சரியான தகவலைச் சொல்லிவிட்டேன். "ஆயிருச்சு சித்தி. ரெண்டு புள்ளைங்க."

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அம்மா எழுந்து உள்ளே போனார். பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இடிபடும் சத்தம் கேட்டது. "ரெண்டா! ரெண்டு!" என்று அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு கோழிச் சட்டியோடு வந்து, தனக்கென்று ஒதுக்கிவைத்திருந்த தொடைத் துண்டை என் தட்டில் போட்டார்.

"தின்னு" என்றார். "அவன் கெடக்குறான்."