ஏழுமலை, ஞாயிறு மாலை ஐந்து மணி

சிரிப்புப் படம் எடுப்பதைவிட அதற்கு ஆள் சேர்ப்பதுதான் கஷ்டம் என்பார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. என் படத்துக்கு வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள், மாலையோடு.

அப்போது நான் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். மிச்ச நேரத்தில் சினிமாக்காரன். பேசாப் பட காலத்துச் சிரிப்புத் துண்டுப்படங்களைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் முற்றி, நானும் ஒன்று எடுத்தேன். பத்து நிமிடம், கறுப்பு வெள்ளை, வசனமே கிடையாது. இயக்குநர், கதாநாயகன், இட்லி மாவில் வழுக்கி விழுபவர் எல்லாம் நானே.

கீழ்பென்னாத்தூரில் சுமதியைப் பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கும் எனக்கும் பிடித்துவிட்டது. குறுக்கே நின்றது அவள் அப்பா. நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிர் செய்பவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர்.

"படம் எடுக்கறீங்களாமே தம்பி, அது எங்க ஓடுது?" என்று கேட்டார்.

என் செல்போனில் மட்டும்தான் ஓடுகிறது என்றேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டு, யோசித்துக்கொண்டே இருந்தார். சரி, படத்தை ஊரறியத் திரையிடுவோம், என் முகத்தை அவர் ஊர்ச் சுவரிலேயே ஒட்டிக் காட்டுவோம் என்று கிளம்பினேன்.

விளம்பரத்துக்கு ஆராய்ச்சி வேறு செய்தேன். அந்தக் காலத்தில் துண்டுப்படத்துக்கு முதலில் பெரிய மரியாதை இல்லை. பெரிய படத்தின் விளம்பரத்துக்கு அடியில் 'இத்துடன் ஒரு சிரிப்புப் படமும் உண்டு' என்று ஒரு வரி போட்டால் அதிகம். சிரிப்பு நடிகர் பெயர் வாங்கியதும் நிலைமை தலைகீழாகிவிட்டது. கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், சிரிக்காத முகத்தைப் பெரிதாகப் போட்டாலே கூட்டம் வந்தது. தியேட்டர் வாசலில் வேஷம் கட்டிய ஆள் ஒருவன் நின்று, வாயே திறக்காமல் சைகையிலேயே ஜனங்களை உள்ளே அனுப்புவான். எல்லாவற்றையும் அப்படியே செய்வதென்று தீர்மானித்தேன். (நான் எப்போது பெயர் வாங்கினேன் என்று என்னை யாருமே கேட்கவில்லை.)

போஸ்டர் தயாரானது. கறுப்பு வெள்ளையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நான். கீழே என் பெயர், 'ஏழுமலை'. அதற்குக் கீழே 'ஞாயிறு மாலை 5 மணி', வாடகைக்குப் பிடித்த கல்யாண மண்டபத்தின் விலாசம். கடைசியில் 'நண்பர்கள்'. சிரிப்புப் படம் என்று எங்கும் போடவில்லை. முன்கூட்டியே சொன்னால் சிரிப்பு வராதாம்.

போஸ்டர் ஒட்டும் மாசிலாமணி அண்ணன் போஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே ஜாடைங்க" என்றார். வேஷத்தில் என்னை அடையாளமே தெரியவில்லை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வீடு எந்தத் தெருங்க?"

சொன்னேன்.

"சொந்தக்காரங்க எந்தப் பக்கம் ஜாஸ்தி?"

"கீழ்பென்னாத்தூர்ல முக்கியமானவங்க இருக்காங்க. அங்க பஸ் ஸ்டாண்டுல கண்டிப்பா ஒட்டிடுங்க."

"நான் பாத்துக்கறேன். நீங்க தைரியமா இருங்க" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். முதல் படம் எடுப்பவனுக்கு எவ்வளவு ஆறுதல் என்று நெகிழ்ந்து போனேன்.

எங்கள் பக்கத்தில் சுவரில் இப்படி ஒரு முகம், பெயர், நேரம், 'நண்பர்கள்' என்று இருந்தால் அது கண்ணீர் அஞ்சலிதான். எங்கே ஒட்டுவது என்று ஒட்டுகிறவருக்குச் சொல்லவே வேண்டாம். செத்தவர் வீட்டுத் தெருமுனை, டீக்கடைச் சுவர், சொந்தக்காரர்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு. தினமும் அவற்றைப் படித்தபடியே வேலைக்குப் போகிற எனக்கு இது உறைக்கவே இல்லை.

ஞாயிறு காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டேன். படம் என் செல்போனிலிருந்துதான் ஓட வேண்டும். நடுவில் யாரும் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாதென்று வெளித் தொடர்பைத் துண்டித்து வைத்தேன். அம்மா வேலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். ஆக, என்னைத் தேடியவர்களுக்குப் பூட்டிய வீடும் எடுக்காத போனும்தான் கிடைத்தன.

வாசலில் நண்பன் தசரதனைக் கறுப்புச் சட்டையில் நிறுத்தினேன். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. கைகூப்பி உள்ள அனுப்பு, அவ்ளோதான்" என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பாவி, சத்தியத்தைக் காப்பாற்றினான்.

நான் மணமகள் அறையில் உட்கார்ந்து முகம் முழுக்க வெள்ளை அப்பி, புருவத்தில் மை தீட்டிக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் மேடையில் தோன்றுவதாகத் திட்டம். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சுமதியின் அப்பா, மடியில் பெரிய மாலை! நமக்குப் போடத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. (போடத்தான் கொண்டுவந்திருந்தார்.)

தசரதன் படத்தைப் போட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மாவில் வழுக்கி, அண்டாவுக்குள் தலைகுப்புற விழும் இடம் வந்தது. அங்கேயாவது சிரிப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இருட்டிலிருந்து ஓர் அம்மாள் குரல் வந்தது.

"ஐயோ... இப்பிடித்தான் விழுந்து செத்தானா புள்ள?"

மண்டபம் முழுக்க விசும்பல். என் நடிப்பு அவர்களை எங்கோ தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். படம் முடிந்தது. வெள்ளை முகத்தோடு மேடைக்கு வந்து, கையை விரித்து நின்றேன்.

அப்போது எழுந்த அலறல் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். நாற்காலிகள் சாய்ந்தன. தசரதன் சத்தியத்தை மறந்து "டேய், என்னடா ஆச்சு?" என்று கத்தினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறியவள் சுமதி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. என் கையைக் கிள்ளிப் பார்த்தாள். நான் "ஆ" என்றேன். ஓங்கி ஓர் அறை விட்டாள். வெள்ளைப் பூச்சில் ஐந்து விரலும் பதிந்தன. அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாக ஜனங்கள் சிரித்தார்கள்.

நான் விளக்கம் சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. கல்யாணம் இத்தோடு காலி என்று தெரிந்துவிட்டது. சுமதியின் அப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"பஸ் ஸ்டாண்டுல போஸ்டரைப் பாத்துட்டு வந்து நான்தான் வூட்ல சொன்னேன். அதுலேந்து வேன்ல இங்க வந்து சேர்ற வரைக்கும் எம்பொண்ணு அழுத அழுகை இருக்கே... ஒரே ஒரு தடவ பாத்த பையனுக்கு இப்பிடி அழறாளேனு நானும் அழுதுட்டேன்." மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல யோசிக்க என்னா இருக்கு? தையில வெச்சுக்கலாம், மாப்ளே."

அதுவரை நான் தம்பி. அவர் மாலையைத் தசரதன் கையில் கொடுத்து, "இத எங்கனா கண்ணுல படாத எடத்துல போட்டுட்டு வாப்பா" என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. மாமனார் ஊரில் இன்றும் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடைக்காரர் "செத்த மாப்ள வந்துட்டாரு, ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்றுதான் குரல் கொடுப்பார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் முனகினால்கூடச் சுமதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பதில்லை.

"உங்களுக்காக அழ வேண்டியதெல்லாம் அன்னைக்கே வேன்ல அழுது முடிச்சாச்சு" என்கிறாள். "எழுந்து கஞ்சியக் குடிங்க."