மாமாவிடம் அடையாள அட்டை கேட்ட கதை

சொந்த மாமனாரைப் பார்த்து "இவர் யாரென்றே தெரியாது" என்று அரசாங்க அலுவலரிடம் சொன்ன மருமகள் ஒருத்தி சுவிஸில் இருக்கிறாள் என்றால், அது நான்தான். அதுவும் கையில் ஒரு பிராண்டிப் போத்தலோடு நின்று சொன்னேன்.

ஊஸ்டரில் எங்களுக்கு ஒரு சின்னத் தமிழ்க்கடை. முருங்கைக்காயையும் கருவாட்டையும் மட்டும் நம்பினால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான் என்ற நிலை வந்தபோது, என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பியரும் பிராண்டியும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். "உமக்குத்தானே டொய்ச் நல்லா வரும்" என்று ஜெர்மன் மொழியில் இருந்த விண்ணப்பத்தை என் பெயரில் போட்டுவிட்டார். (கஷ்டமான வேலை எது வந்தாலும் அன்றைக்கு என் டொய்ச் திடீரென்று நல்ல டொய்ச் ஆகிவிடும்.)

முதலில் தற்காலிக லைசென்ஸ்தான் தந்தார்கள். ஒரு டெலிவரிக்கு அலுவலர் கூடவே வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் நிரந்தரம். வாசலில் ஆளின் அட்டையைப் பார்த்து வயதைச் சரிபார்க்க வேண்டும், குடிவெறியில் நிற்பவருக்குக் கொடுக்கக்கூடாது. ஒன்று பிசகினாலும் லைசென்ஸ் போச்சு, அதோடு கடையும் போச்சு. "உங்கள் அடையாள அட்டையைக் காட்ட முடியுமா?" என்று ஒரு கிழமையாகச் சொல்லிப் பழகினேன். பழக்கதோஷத்தில், கறிவேப்பிலை வாங்க வந்த கோயில் ஐயரிடமும் கேட்டுத் தொலைத்தேன். பாவம், அவரும் எடுத்துக் காட்டினார்.

சோதனை நாள் ஒரு சனிக்கிழமை. ஓடர் தந்தவர் தவம் அண்ணை, என் மாமாவின் கூட்டாளி. எங்களோடு இருக்கும் மாமா சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குச் சீட்டு விளையாடப் போவார். சீட்டு மட்டும்தான். ஏனென்றால், இனிமேல் குடிக்கமாட்டேன் என்று மாமி அவரைக் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணவைத்து எட்டு வருடம்.

மணியை அடித்தேன். பக்கத்தில் அலுவலர் அம்மையார், கையில் படிவமும் பேனையும். கதவு திறந்தது. இடுப்பில் சாரத்தோடு மாமா!

தவம் அண்ணைக்கு அன்று கீழே நிலவறையில் இருக்கும் பொது மெஷினில் உடுப்புத் தோய்க்கிற முறையாம். (சுவிஸில் உயிரே போனாலும் அந்த முறையை விடக்கூடாது.)

"பிள்ளை... நான் சும்மா சீட்டு..." என்று மாமா இழுத்தார்.

"இவரைத் தெரியுமா?" என்று அம்மையார் டொய்ச்சில் கேட்டார்.

மாமாவின் மானம் போகக்கூடாது என்ற ஒரே நினைப்பில், "இல்லை, முன்பின் கண்டதேயில்லை" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் பாடமாக்கிய கேள்வியைக் கேட்டேன்.

மாமா திகைத்துப்போனார். "என்னட்டையோ பிள்ளை கார்ட் கேக்கிறாய்?"

"ஓம் மாமா, கெதியாத் தாங்கோ. இல்லாட்டிக் கடை போச்சு."

வயது எழுபத்தொன்று, சரி. அடுத்து வெறி. மூக்கை நீட்டி மாமாவை மோந்து பார்த்தேன். விபூதி வாசம் மட்டும்தான்.

அம்மையார் அட்டையையும் என் லைசென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் குடும்பப் பெயர் நாகலிங்கம். முன்பின் தெரியாத இவருடைய முதல் பெயரும் நாகலிங்கமா?"

அங்கேதான் மாட்டினேன். என் கணவருக்குத் தகப்பன் பெயர்தான் இங்கே குடும்பப் பெயர், கல்யாணத்தோடு அது எனக்கும் வந்துவிட்டது. மரியாதைக்காக என் வாயால் ஒருநாளும் சொல்லாத மாமாவின் பெயரைத்தான் ஊரெல்லாம் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டு திரிகிறேன்!

"எங்கள் நாட்டில் எல்லாருக்கும் இந்தப் பெயர்தான்" என்று உளறினேன். பேனை படிவத்தில் இறங்கியது.

"என்னவாம் பிள்ளை?"

"உங்களைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன் மாமா. லைசென்ஸ் போகப்போகுது."

மாமா சாரத்தை இறுக்கிக் கட்டினார். தனக்குத் தெரிந்த நாலைந்து டொய்ச் சொற்களையும் திரட்டினார். என்னைக் காட்டி, "ஷ்வீகர்டொக்தர். குட்" என்றார். (மருமகள். நல்லவள்.) பிறகு போத்தலைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டினார். "பிராண்டி. இஷ்." (எனக்குத்தான்.)

எட்டு வருட ரகசியத்தை என் கடைக்காகப் போட்டு உடைத்துவிட்டார் மனிதர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அந்த நேரம் உடுப்புக் கூடையோடு மேலே வந்த தவம் அண்ணை, என்னைக் கண்டதும் அப்படியே திரும்பிக் கீழே இறங்கிப் போனார்.

அம்மையார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. "அட்டை பார்த்தீர்களா என்றுதான் படிவத்தில் கேட்கிறார்கள். பார்த்தீர்கள். பொய் சொன்னீர்களா என்று கேட்கவில்லை" என்றார்.

நிரந்தர லைசென்ஸ் தபாலில் வந்தது. கூடவே அறிக்கையின் பிரதி. என் கணவர் பெருமை தாங்காமல், மாமிக்கு முன்னால் நின்று ஒரு வரி விடாமல் தமிழில் வாசித்தார். "பிராண்டி வாங்கிய சொந்த மாமனாரிடமும் அட்டை கேட்ட கடமையுணர்ச்சி..." என்ற இடத்தில்தான் அவருக்கே விளங்கியது. மாமி மாமாவைத் திரும்பிப் பார்த்தா. "எட்டு வருஷம்!" என்றா.

இப்போது மாமா தேத்தண்ணி கேட்டாலும் மாமி, "முதல்லை கார்டைக் காட்டுங்கோ" என்கிறா. அவரும் சாரத்து மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் மட்டும் விடமாட்டார். கையைப் பிடித்துக்கொண்டுபோய் நாலுபேருக்கு அறிமுகம் செய்வார்:

"இவதான் என்ரை மருமகள். ஆனா என்னை ஆரெண்டே இவவுக்குத் தெரியாது."